ஒரே இடம், நான்கு வேளை

1947 ஏப்ரல் 23ஆம் தேதி, நெதர்லாந்தின் கார் இறக்குமதியாளர் பென் பான் தன் குறிப்பேட்டில் சில கோடுகளில் ஒரு வண்டியை வரைந்தார். ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் ஆலைக்குள், உதிரி பாகங்களைச் சுமக்கத் தொழிலாளர்கள் பீட்டில் காரின் அடிச்சட்டத்தில் தாங்களே கட்டிக்கொண்ட தட்டையான வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததில் பிறந்த யோசனை அது. படத்தில் ஓட்டுநர் முன் சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருக்கிறார். இன்ஜின் பின் சக்கரங்களின் மேல். நடுவில் வெறும் பெட்டி, அதில் 750 கிலோ சரக்கு என்று ஒரு குறிப்பு. அந்தத் தாள் இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரக்கை நடுவில் வைத்ததில் ஒரு கணக்கு இருந்தது. இரண்டு அச்சுகளுக்கும் இடையில் ஏறும் எடையை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். வண்டி காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் சமநிலை குலையாது. 1950 மார்ச்சில் ஃபோக்ஸ்வாகன் அந்த வேனை உற்பத்தி செய்யத் தொடங்கியபோது அதன் இன்ஜின் 1,131 சிசி, திறன் வெறும் 25 குதிரைத்திறன். இவ்வளவு குறைந்த திறனில் ஓடும் வண்டிக்கு எடைப் பங்கீடு உயிர்நாடி. அந்தப் பங்கீட்டுக்காகவே நடுவில் விடப்பட்ட வெற்றிடம், ஒரு அறையின் வடிவத்தில் அமைந்துவிட்டது.

அதை அறையாகவே பார்த்தவர்கள் வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனத்தார். 1844இல் கொல்லுப்பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் அது. 1950களின் தொடக்கத்தில் ‘கேம்பிங் பாக்ஸ்’ என்ற பெயரில் அவர்கள் விற்றது வண்டியை அல்ல, வண்டிக்குள் ஏற்றி இறக்கக்கூடிய மரச்சாமான் தொகுதியை. படுக்கையாக விரியும் பெட்டி, இருக்கைகள், சிறு அலமாரி. திங்கள் முதல் வெள்ளிவரை தச்சர் தன் பலகைகளையும் ரம்பங்களையும் ஏற்றிச் செல்வார். சனிக்கிழமை காலை அவற்றை இறக்கிவிட்டு இந்தப் பெட்டியை ஏற்றினால் குடும்பம் கிளம்பிவிடும். போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன ஜெர்மனியில், வேலைக்கு ஒரு வண்டி, விடுமுறைக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்ள எத்தனை குடும்பங்களால் முடிந்திருக்கும்?

எனக்கு அந்தப் பெட்டி வெறும் பழைய பொருளாகத் தெரியவில்லை. சிறிய இடத்தில் வாழ்வது பற்றிய அடிப்படைக் கண்டுபிடிப்பு அதில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் இடத்துக்கு நீளம், அகலம், உயரம் மட்டும் போதாது, அது எந்த நேரத்தில் யாருக்கு என்பதையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். இன்று வேனை வீடாக்க நினைப்பவர்களில் பலர் முதலில் அலமாரிகளை வரைகிறார்கள். முதலில் வரைய வேண்டியது கால அட்டவணை.

இன்றைய ஐரோப்பாவில் இதற்கு அதிகம் எடுக்கப்படும் வண்டிகளில் ஒன்று ஃபியட் டுகாட்டோ. கூரியர்காரர்களும் குழாய் பழுதுபார்ப்பவர்களும் ஓட்டும் சாதாரண சரக்கு வேன். கிட்டத்தட்ட 6 மீட்டர் நீள வகையில் சரக்கு அறையின் நீளம் 3.7 மீட்டர், அதிகபட்ச உள் அகலம் 1.87 மீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 7 சதுர மீட்டர், நம் கணக்கில் 75 சதுர அடி. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இரட்டைப் படுக்கைகளுக்கு 5 சதுர மீட்டர் போய்விடும். மேசையும் எதிரெதிர் இருக்கைகளும் 2. அடுப்படியும் துணி அலமாரியும் 1. நடக்கிற வழி ஒன்றரை. மொத்தம் ஒன்பதரை. எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் என்று பிடிவாதம் பிடித்தால் இந்த வண்டியில் குடும்பம் அடங்கவே அடங்காது.

அடங்க வைக்கும் வழிகளில் முதலாவது 1.87 என்ற எண்ணிலேயே இருக்கிறது. நீளவாக்கில் படுத்தால் படுக்கை வண்டியின் நீளத்தில் 2 மீட்டரைத் தின்னும். குறுக்காகப் படுத்தால் இருவருக்கும் சேர்த்து 1.4 மீட்டர் போதும். மிச்சமாகும் 60 சென்டிமீட்டரில் ஒரு அடுப்படி மேடையே வந்துவிடும். குறுகலான வேன்களில் இது நடக்காது, சராசரி உயரமுள்ளவருக்கே கால் இடிக்கும். கேம்பர் கட்டுபவர்கள் டுகாட்டோவைத் தேடிப் போவதற்கு இந்தப் பெட்டி வடிவம் ஒரு பெரிய காரணம். இன்னும் நெட்டையானவர்களுக்கு, பக்கச் சுவரை வெட்டி வெளிப்புறம் புடைக்கும் உறை பொருத்தி, ஆளுக்குச் சில சென்டிமீட்டர் வாங்கித் தருகிறார்கள்.

இரண்டாவது வழி முன் இருக்கைகள். ஓட்டுநர் இருக்கைக்கும் பக்கத்து இருக்கைக்கும் அடியில் சுழல் தட்டு பொருத்தினால், வண்டி நின்றதும் இரண்டையும் பின்பக்கம் திருப்பிக்கொள்ளலாம். ஓடும்போது வேலை செய்த இடம், நின்றபின் கூடமாகிவிடும். இதற்காகப் புதிதாக ஒரு சென்டிமீட்டர் தரைகூடச் செலவாகவில்லை.

மூன்றாவது, கூரை. டுகாட்டோவின் நடுத்தரக் கூரையில் உள் உயரம் 1.93 மீட்டர், உயர்ந்த கூரையில் 2.17. வித்தியாசம் 24 சென்டிமீட்டர். பின்புறத்தில் இரண்டடுக்குப் படுக்கை போட்டுப் பார்ப்போம். தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் சாமான்களுக்கு, அதன்மேல் 10 மெத்தைக்கு, கீழே படுப்பவருக்கு 60, மேல் பலகைக்கும் மெத்தைக்கும் 12. கூட்டினால் 137. நடுத்தரக் கூரையில் மேலே மிஞ்சுவது 56 சென்டிமீட்டர்: குழந்தை படுக்கலாம், எழுந்து உட்கார முடியாது. உயர்ந்த கூரையில் மிஞ்சுவது 80: சிறு குழந்தை உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம். நான்கு பேர் தூங்க வேண்டிய வண்டியில் நான் தயங்காமல் உயர்ந்த கூரையைத்தான் சொல்வேன். காற்றில் கொஞ்சம் அதிகம் ஆடும், உயரத் தடுப்புள்ள வாகன நிறுத்தங்களில் நுழையாது என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் மழை நாளில் குழந்தைக்கு உட்கார ஒரு சொந்த மூலை இருப்பது அதையெல்லாம்விடப் பெரியது.

அடுக்குப் படுக்கை வேண்டாம், சாப்பாட்டு மேசையை இறக்கிப் படுக்கையாக்கிக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு. அப்படிச் செய்யும்போது அந்தப் படுக்கையைப் பெரும்பாலும் குழந்தைகளுக்கு ஒதுக்கிவிட்டு, பெற்றோர் நிலையான பின் படுக்கையை எடுத்துக்கொள்கிறார்கள். அட்டவணையில் எழுதிப் பார்த்தால் இதன் கோளாறு தெரியும். குழந்தைகள் எட்டு மணிக்குத் தூங்குகிறார்கள். அந்த நிமிடமே மேசை மறைந்துவிடுகிறது. பெரியவர்கள் பத்து மணிவரை உட்கார இடமில்லாமல் வெளியே குளிரில் நிற்க வேண்டும், அல்லது தாங்களும் படுக்க வேண்டும். யார் முதலில் தூங்குகிறார்களோ அவர்களுக்குத்தான் நிலையான படுக்கை. கடைசியில் தூங்குபவர்கள் மேசையை இறக்கிக்கொள்ளலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வாகன விதிகளே இந்தப் பகிர்வை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஒரு வண்டியைக் குடியிருப்பு வாகனம் என்று பதிவு செய்ய நான்கு வசதிகள் வேண்டும்: இருக்கைகளும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்கும் இடம். படுக்கை இருக்கைகளிலிருந்து விரிவதாக இருக்கலாம். எல்லாம் உறுதியாகப் பொருத்தப்பட வேண்டும், மேசையை மட்டும் கழற்றி வைக்கும்படி அமைக்கலாம்.

இனி சாமான். ‘எவ்வளவு கொள்ளும்’ என்ற கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். ‘எத்தனை அசைவில் கைக்கு வரும்’ என்று கேட்பவர்கள் குறைவு. பதினைந்து எண் வில்லைகளை நகர்த்தி வரிசைப்படுத்தும் சிறு பிளாஸ்டிக் விளையாட்டை நம்மில் பலர் சின்ன வயதில் கையில் வைத்திருந்திருப்போம். அதில் கட்டங்கள் பதினாறு, வில்லைகள் பதினைந்து. அந்த ஒரு காலிக் கட்டம் இல்லாவிட்டால் எதுவும் நகராது. வேனில் நடைவழிதான் அந்தக் காலிக் கட்டம். ஒரு மீட்டர் நீள இழுப்பறையைத் திறக்க, அதன் முன்னால் ஒரு மீட்டர் வெற்றிடம் வேண்டும். மெத்தையைத் தூக்கித் திறக்கும் பெட்டிக்கு, மெத்தையை எங்கே வைப்பது என்ற கேள்வி முளைக்கும். கொள்ளளவைக் கூட்டக் கூட்டக் காலிக் கட்டம் சுருங்கும், ஒவ்வொரு பொருளையும் எடுக்க ஆகும் அசைவுகள் பெருகும்.

அதனால்தான் பின் படுக்கைக்கு அடியில் உள்ள பெரிய இடத்தை உள்ளிருந்து திறப்பதைவிடப் பின் கதவு வழியாக வெளியிலிருந்து திறப்பது நல்லது. தேவையான வெற்றிடத்தை உலகமே இலவசமாகத் தந்துவிடும். ஆனால் கொட்டும் மழையில் வெளியே போய்க் கதவைத் திறக்க முடியாது. எனவே மழைச்சட்டை, டார்ச், மருந்துப்பை, குழந்தையின் மாற்றுத்துணி எதுவும் அங்கே போகக் கூடாது. அவை பக்கவாட்டு நகரும் கதவை ஒட்டி, இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். மேசை நாற்காலி, கயிறு, பொம்மை வாளி எல்லாம் பின்னால் போகலாம்.

அந்தப் பின்னறையை எதைக் கொண்டு நிரப்புவது? பைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இடைவெளி விடும். ஒரே அளவு பந்துகளைக்கூட, கணிதத்தில் சாத்தியமான மிகச் சிறந்த முறையில் அடுக்கினாலும் இடத்தில் 74 விழுக்காடுதான் நிரம்பும். சும்மா கொட்டினால் 64 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும். செவ்வகப் பெட்டிகளுக்கு இந்த இழப்பு இல்லை. ஐரோப்பாவில் தொழிற்சாலைகளும் ரொட்டிக் கடைகளும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கூடை பெரும்பாலும் 60 × 40 சென்டிமீட்டர். அதன் பாதி 40 × 30. இந்த அளவு 120 × 80 சென்டிமீட்டர் ஐரோப்பியச் சரக்குப் பலகையிலிருந்து பிறந்தது: ஒரு பலகையில் நான்கு கூடைகள் துல்லியமாக உட்காரும். டுகாட்டோவின் பின்சக்கர வளைவுகளுக்கு இடையே தரை அகலம் 1.42 மீட்டர், அந்தப் பலகை தாராளமாக நுழையும். ஆக, கூடை, பலகை, வண்டி மூன்றும் ஏற்கனவே ஒன்றுக்கொன்று பேசிவைத்த அளவுகளில் இருக்கின்றன. தச்சுவேலைக்கு முன்பு கூடைகளை வாங்கித் தரையில் பரப்பி, அவற்றைச் சுற்றிச் சட்டத்தை அமைப்பவர் விலையுயர்ந்த இழுப்பறைகளின் பாதித் தேவையைத் தவிர்த்துவிடுவார். ஊர் திரும்பியதும் கூடையை அப்படியே வீட்டுக்குள் தூக்கிச் செல்லலாம். வெஸ்ட்ஃபாலியாவின் பெட்டியும் இதே வழியில்தான் யோசித்தது.

இடம் கிடைத்துவிட்டது என்று நிரப்பத் தொடங்கும்போது எடை குறுக்கே வரும். ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய வண்டியின் உச்ச எடை பொதுவாக 3,500 கிலோ. காலி வேனே 2,000 கிலோவைத் தொடும். மிச்சமிருக்கும் 1,500இல் மரவேலை, காப்புப் பொருள், இருக்கைகள், பேட்டரி, ஆட்கள், தண்ணீர், உணவு, சைக்கிள் எல்லாம் அடங்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. பிர்ச் பிளைவுட் 15 மில்லிமீட்டர் தடிமனில் சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ, பாப்லர் மரப் பிளைவுட் ஆறரை. இருபது சதுர மீட்டர் பலகை போகும் வண்டியில் மரத்தை மாற்றினாலே 70 கிலோ மிச்சம்.

எடை எங்கே உட்காருகிறது என்பது இன்னும் முக்கியம். இந்த வேனின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 4 மீட்டர். பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால், பின் அச்சு தாங்குவது 100 அல்ல, 125 கிலோ. முன் அச்சில் 25 கிலோ குறைந்துவிடும். சீசாப் பலகையின் விதிதான் இது, பின் சக்கரம் தாங்குமுனையாகி வண்டியின் மூக்கைத் தூக்குகிறது. டுகாட்டோவை இழுப்பதும் திருப்புவதும் முன் சக்கரங்கள். பின்கதவில் சைக்கிள் தாங்கி, அதற்கு உட்புறம் தண்ணீர்த் தொட்டி, அதன் பக்கத்தில் பேட்டரி என்று வாலில் குவித்த வண்டி, ஈரப்புல்லில் முன் சக்கரம் வெறுமனே சுழல நிற்கும். பென் பான் 1947இல் கோடிட்டுக் காட்டியதை மறக்காமல், தண்ணீரையும் பேட்டரியையும் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், தரையோடு தரையாக வைப்பதுதான் முறை.

ஓடும் வீட்டில் எந்தப் பொருளும் உண்மையில் அசையாப் பொருள் அல்ல. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன்மீதாவது மோதி, முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை அந்தத் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால், வேகக்குறைவு புவியீர்ப்பைப் போல 16 மடங்கு. அந்தக் கணத்தில் 5 கிலோ சமையல் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்த, 80 கிலோ எடையைத் தாங்கும் பிடிப்பு வேண்டும். தலைக்கு மேல் உள்ள அலமாரியில் தலையணை, துணி, காகிதத் தட்டு இவற்றைத் தவிர வேறு எதுவும் கூடாது. கதவுகளுக்குக் காந்தம் போதாது, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள் வேண்டும். படுக்கைக்கு அடியிலுள்ள கூடைகள் முன்னால் பாய்ந்தால், நேராக வருவது குழந்தைகளின் இருக்கையின் முதுகுக்கு. ஆகவே அவற்றின் முன் நிற்கும் தடுப்புப் பலகையை மரத்தோடு மரமாகத் திருகினால் பயனில்லை. சரக்கைக் கட்டுவதற்கென்றே தொழிற்சாலை தரையில் பதித்த இரும்பு வளையங்கள் சரக்கு வேனில் இருக்கின்றன. அவை பொருந்தியிருக்கும் துளைகளில் போல்ட் போட்டு உலோகத்தோடு பிணைக்க வேண்டும். குழந்தைகளின் இருக்கையும் பெல்ட்டும் மோதல் சோதனையில் தேறிய தொகுதியாகவே வாங்கப்பட வேண்டும். வீட்டுத் தச்சுக்கு அங்கே வேலையில்லை.

சேமிப்பு இடங்களைச் சத்தமில்லாமல் பாழாக்குவது மனித மூச்சு. தூங்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவி விடுகிறார். நான்கு பேர், எட்டு மணி நேரம்: 1,280 கிராம். ஒன்றேகால் லிட்டர் தண்ணீர். இந்த வேனின் நடுத்தரக் கூரை வகையில் சரக்கறை 13 கன மீட்டர். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும், ஆக மொத்தமே 220 கிராம் சொச்சம். மிச்ச ஒரு லிட்டர் எங்கே போகும்? வெளியே 5 டிகிரி குளிர் இருந்தால், தகரத்தைத் தொடும் காற்று கன மீட்டருக்கு 7 கிராம்கூடத் தாங்காது. விலா எலும்புகள் போல ஓடும் இரும்புச் சட்டங்களில், கண்ணாடியில், மெத்தையின் அடியில், அலமாரியின் முதுகில் நீர் கோக்கும். துணி அலமாரியின் பின்புறத்தில் காற்றே அசையாது என்பதால் அங்கே பூஞ்சை முதலில் பிடிக்கும். பலகைக்கும் சுவருக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விடுவதும், மெத்தையை முழுப்பலகையில் போடாமல் இடைவெளியுள்ள கட்டைகளின் மேல் போடுவதும் இதற்காகத்தான்.

குளிரில் காற்றுவழியைத் திறந்து வைத்தால் வெப்பம் வீணாகுமே என்று அடைத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் பயம் தெளியும். உள்ளே 18 டிகிரி, வெளியே 5 டிகிரி என்ற நிலையில், வெளியேறும் ஒவ்வொரு கன மீட்டரும் உள்ளே வரும் காற்றைவிட ஏறக்குறைய 4 கிராம் அதிக ஈரத்தை எடுத்துச் செல்லும். மணிக்கு 160 கிராமை அகற்ற 40 கன மீட்டர் போதும், அதாவது வண்டியின் காற்றை மணிக்கு மூன்று முறை மாற்றுவது. அந்த 40 கன மீட்டரைச் சூடாக்க ஆகும் திறன் 200 வாட்டுக்கும் குறைவு. 19 மில்லிமீட்டர் மூடிய நுரைக் காப்பு ஒட்டிய சுவர், கூரை, தரை வழியாகவே 600 வாட்டுக்கு மேல் போய்க்கொண்டிருக்கும், கண்ணாடி வழியாகப் போவது தனி. சாதாரண டீசல் ஹீட்டர் 2,000 வாட் தரும். கூரைத் திறப்பைக் கொஞ்சம் விட்டு வைப்பது இவற்றில் மிக மலிவான செலவு.

அடுப்பும் நீரைத் தயாரிக்கிறது. 100 கிராம் புரொப்பேன் எரிந்தால் 160 கிராம் நீராவி வரும். காற்று போதாமல் எரிந்தால் அதோடு கார்பன் மோனாக்சைடும் வரும். குளிருக்காகக் கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது உயிரை எடுக்கும், இதில் விதிவிலக்கே கிடையாது. சிலிண்டர் அலமாரியை மட்டும் மற்ற அலமாரிகளைப் போல நினைக்கக் கூடாது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் தண்ணீரைப் போலத் தரையில் தேங்கும். அந்த அலமாரி அறைப்பக்கம் முழுக்க அடைபட்டிருக்க வேண்டும், அதன் தரையில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். அந்தத் துளையின் மேல் யாரும் ஒரு பையைக்கூட வைத்துவிடக் கூடாது.

சிலிண்டரே வேண்டாம், மின்சாரத்தில் சமைக்கலாமா? 15 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க 0.1 கிலோவாட் மணி. 100 ஆம்பியர் மணி கொள்ளும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் இருப்பது 1.28 கிலோவாட் மணி, எடை ஏறக்குறைய 12 கிலோ. ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 10 கிலோவாட் மணி. எனவே வெப்பத்துக்கு டீசல், குளிர்பெட்டிக்கும் விளக்குக்கும் பேட்டரியும் சோலாரும், சமையலுக்கு அவரவர் பயணத்தைப் பொறுத்து என்பதே என் துணிபு. 12 வோல்ட்டில் 1,800 வாட் அடுப்பு 150 ஆம்பியர் இழுக்கும். விரல் பருமன் கம்பி வேண்டும், சரியான ஃபியூஸ் வேண்டும், அதைப் பொருத்த மின்பணி தெரிந்தவர் வேண்டும்.

எல்லாம் முடிந்து கிளம்பும் முன் வண்டி எடைமேடைக்குப் போக வேண்டும். தொட்டியில் தண்ணீர், டீசல், கூடைகளில் உணவு, நால்வரும் அவரவர் இருக்கையில். முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டி, பிறகு பின் சக்கரங்கள் மட்டும். வண்டியில் உற்பத்தியாளர் பொருத்திய தகட்டில் ஒவ்வொரு அச்சுக்கும் தனி வரம்பு எழுதியிருக்கும். மொத்தம் 3,500க்குள் இருந்தும் பின் அச்சு மட்டும் வரம்பைத் தாண்டியிருப்பது அடிக்கடி நடப்பது. அப்போது எதையும் வீட்டில் விட்டுவர வேண்டியதில்லை. பின்கதவோரம் உள்ள கனமான கூடைகளைத் தூக்கி, மேசைக்குக் கீழே முன் அச்சுப் பக்கம் நகர்த்திக் கட்டிவிட்டு, இன்னொரு முறை மேடையில் ஏற்றிப் பார்த்தால் போதும்.